ஆடு நனையுதேன்னு அழுத ஓநாய்: கதையைக் கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது எப்படி?

பொய் சொல்லி ஊரைக் கூட்டிய இடையச் சிறுவனின் கதை எல்லாருக்கும் தெரியும். தமிழில் அவன் "புலி வருது, புலி வருது!" என்று கத்துகிறான். குப்பம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் அதே பையன் "நான்னா, புலி!" என்று அப்பாவைக் கூப்பிடுகிறான். கொஞ்சம் வடக்கே போய்க் கோலார் தங்கவயலில் கன்னடத்தில் கேட்டால் "தோள பந்து தோள!" என்பார்கள். அங்கே வருவது ஓநாய். ஈசாப்பின் பெயரில் வழங்கும் பழைய கதையிலும் வருவது ஓநாய்தான்.

ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் முட்டிக்கொள்ளும் இந்தப் பகுதியில், வேப்பனப்பள்ளியிலோ குப்பத்திலோ, ஒரே வகுப்பறைக்குள் இந்த மூன்று கதைகளும் வந்து உட்காரும். ஆசிரியருக்கு இது காசு செலவில்லாமல் கிடைக்கும் பாடப்பொருள். பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம்: ஓநாய் ஏன் இங்கே புலியானது? தமிழ்ப் பையன் ஊரைக் கூப்பிடுகிறான், தெலுங்குப் பையன் அப்பாவைக் கூப்பிடுகிறான். கடைசியில் ஊர் வராமல் போவதும் அப்பா வராமல் போவதும் ஒன்றா? இத்தனை சின்னப் பையனைத் தனியாக ஆடு மேய்க்க அனுப்பியது யார்? அதைப் பற்றிக் கதை ஏன் வாயே திறக்கவில்லை?

இப்படிக் கேட்கும் பழக்கத்துக்குத்தான் விமர்சன எழுத்தறிவு என்று பெயர். எழுத்துக் கூட்டிப் படிப்பது, பொருள் புரிந்துகொள்வது ஆகியவற்றோடு சேர்த்து, இதை யார் சொன்னது, யாருக்காகச் சொன்னது, யாருடைய குரல் இதில் இல்லை என்று பார்ப்பது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே, சொல்லைப் படிப்பதும் உலகைப் படிப்பதும் ஒன்றோடொன்று பின்னிய வேலை என்று சொல்லி இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டார். ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஃப்ரீபாடி, ஆலன் லூக் இருவரும் 1990-ல் இதை வகுப்பறைக்கு ஏற்றபடி நான்கு வேலைகளாகப் பிரித்தார்கள்: எழுத்தை உடைத்துப் படிப்பது, பொருள் கொள்வது, படித்ததைப் பயன்படுத்துவது, படித்ததை ஆராய்வது. நம் பள்ளிகளில் முதல் இரண்டு வேலைகளிலேயே ஆண்டு முடிந்துவிடுகிறது. நான்காவது கல்லூரிக்கு உரியது என்ற நினைப்பும் இருக்கிறது. அது தவறு. நான்கும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் படிகள் அல்ல. எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளையும் படத்தைப் பார்த்து ஆராயும்.

அங்கேதான் இரண்டாவது சொல் வருகிறது: பன்முறை எழுத்தறிவு. ஒரு கதை எழுத்தில் மட்டும் இல்லை. படம், நிறம், குரல், பின்னணி இசை, உடம்பின் அசைவு, பக்கத்தில் எது எங்கே இருக்கிறது என்ற அமைப்பு, எல்லாமே பொருள் சொல்கின்றன. நியூ லண்டன் குழு என்று அழைக்கப்படும் கல்வியாளர்கள் 1996-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை வகைப்படுத்தினார்கள்: மொழி, காட்சி, ஒலி, சைகை, இடம் ஆகிய ஐந்தும், அவை ஒன்றோடொன்று கலந்து வேலை செய்யும் விதமும். இன்றைய பிள்ளை ஒரு நாளில் படிக்கும் எழுத்தைவிடப் பார்க்கும் வீடியோ அதிகம். எழுத்தை மட்டும் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

இதற்கு ஓநாய் எதற்கு? சிங்கம், முயல் வைத்துச் செய்யலாமே என்றால் செய்யலாம். ஆனால் ஓநாய்க்கு ஒரு வசதி உண்டு. அதன் மேல் உலகம் முழுக்க ஒரு முத்திரை குத்தியாகிவிட்டது; அந்த முத்திரைக்கு எதிரான கதைகளும் அதே அளவு பழையவை. சிவப்புத் தொப்பிப் பெண்ணை விழுங்குவதும் ஓநாய், ரோம் நகரை உருவாக்கியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ், ரீமஸ் இரட்டையருக்குப் பால் கொடுத்ததும் ஓநாய். கிப்ளிங் 1894-ல் எழுதிய காட்டுக் கதைகளில் மோக்லியை வளர்ப்பதும் மத்தியப் பிரதேசத்தின் சியோனி மலை ஓநாய்கள்தான். தவிர, இது நம் பக்கத்துப் பிராணி. தக்காணத்தின் புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் ஆட்டு மந்தைகளைச் சுற்றி வாழ்வது. கர்னூல் பக்கம் கானமயில் என்ற பெரிய பறவைக்காக ஏற்படுத்திய ரோள்ளபாடு சரணாலயத்தில் ஓநாயும் உண்டு. வெளிமானைத் துரத்தும், முயலைப் பிடிக்கும், ஆடும் தூக்கும். கதைக்கும் உண்மைக்கும் நடுவில் பிள்ளைகள் சரிபார்க்க நிறைய இடம் கிடைக்கிறது.

தொடங்கும்முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த வகைப் பாடங்களில் பெரும்பாலானவை இங்கேதான் சறுக்குகின்றன. ஓநாயை நல்லவனாக்குவது விமர்சன வாசிப்பு ஆகாது. "ஓநாய் கெட்டது" என்று எழுதிய பிள்ளை பாட முடிவில் "ஓநாய் பாவம்" என்று எழுதினால், தீர்ப்பு மாறியிருக்கிறது, வாசிப்பு மாறவில்லை. முன்பு கதை சொன்னதை நம்பியது, இப்போது டீச்சர் சொன்னதை நம்புகிறது. ஆட்டைப் பறிகொடுத்த குடும்பத்துப் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். அதனிடம் ஓநாய் பாவம் என்று சொல்ல வைப்பது அநியாயமும்கூட. அந்தப் பிள்ளை "இந்தக் கதையை ஆடு வைத்திருப்பவர் சொல்கிறார், அதனால் ஓநாய் இப்படித் தெரிகிறது" என்று சொன்னால் போதும்.

படத்தைப் படிப்பது

முதலில் படம். எழுத்தில் பின்தங்கிய பிள்ளையும் முதல் நாளே வாய் திறக்கும் இடம் அது.

ஓநாய் வரும் ஒரு கதைப்புத்தகப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துள்ள பகுதியைப் பழைய காலண்டர் தாளால் மறைத்துவிடுங்கள். ஒரு சார்ட் அட்டையில் ஐந்து சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டி, படத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்துங்கள். ஜன்னலுக்குள் தெரிவதை மட்டும் பிள்ளைகள் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடத்துக்கு ஒரே விதி: பார்த்ததைச் சொல்லலாம், நினைத்ததைச் சொல்லக்கூடாது. "கோபமா இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் "எதைப் பார்த்து அப்படிச் சொல்றே?" என்று திருப்பிக் கேளுங்கள். "புருவம் ரெண்டும் நடுவுல இறங்கியிருக்கு, பல்லு வெளியே தெரியுது" என்று வரும். அந்தப் பதில்தான் வேண்டியது. கோபம் என்பது படத்தில் இல்லை, புருவமும் பல்லும்தான் இருக்கின்றன. கோபத்தை நாம் சேர்த்துக்கொண்டோம். ஓவியர் அப்படிச் சேர்க்க வைத்தார்.

அதற்குப் பிறகு மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்லலாம். குந்தர் கிரெஸ், தியோ வான் லூவென் என்ற இருவர் படங்களைப் படிக்க வகுத்த முறையிலிருந்து சின்ன வகுப்புக்கு இவை போதும்.

பார்வை: ஓநாயின் கண் யாரைப் பார்க்கிறது? நம்மையே நேராகப் பார்த்தால் நம்மிடம் எதையோ கேட்கிறது, மிரட்டுகிறது அல்லது கெஞ்சுகிறது. படத்துக்குள் வேறு யாரையோ பார்த்தால் நாம் ஒளிந்திருந்து வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுகிறோம்.

கோணம்: கீழேயிருந்து மேலே பார்த்து வரைந்தால் ஓநாய் பெரியது, நாம் சின்னவர்கள். மேலேயிருந்து பார்த்தால் தலைகீழ். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது சுலபம். களிமண்ணில் ஒரு நாய் பொம்மை செய்து தரையில் வையுங்கள். செல்போனைத் தரையோடு தரையாக வைத்து ஒரு படம், பெஞ்சின் மேல் நின்று கீழே பார்த்து ஒரு படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் "இது ராட்சசன், இது குட்டி" என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். பொம்மை ஒன்றுதான். தரையோடு எடுக்கும் படத்துக்குக் கேமரா பொம்மையிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். அதைத் தள்ளி வைத்து எடுத்தால் பொம்மை ராட்சசனாகத் தெரியாது, பாடம் புஸ்வாணமாகிவிடும்.

நிறம்: இங்கே கவனம் தேவை. கறுப்பு என்றால் தீமை, சிவப்பு என்றால் ஆபத்து, வெள்ளை என்றால் தூய்மை என்று சில பயிற்சிக் கையேடுகளில் பட்டியல் இருக்கும். அதை அப்படியே கரும்பலகையில் எழுதாதீர்கள். நமக்குச் சிவப்பு குங்குமம், மாரியம்மன் சேலை. ஊர் எல்லையில் அரிவாளோடு காவல் நிற்பவர் கருப்பசாமி. நிறத்துக்கு நிரந்தரப் பொருள் கிடையாது, இந்தப் பக்கத்தில் இந்த ஓவியர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதுதான் கேள்வி. இந்திய ஓநாய் உண்மையில் மண்ணும் சாம்பலும் கலந்த பழுப்பு நிறம். அதைக் கரிக்கட்டையாக வரைந்தவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். வகுப்பில் நிறம் குறைந்த பிள்ளையைக் "கருவாயா" என்று கூப்பிடும் பழக்கம் இருந்தால் இந்தப் பேச்சு எங்கே போய் முட்டும் என்பது தெரிந்ததுதான். முட்டட்டும், ஆனால் எந்தப் பிள்ளையையும் உதாரணமாக நிறுத்த வேண்டாம்.

போகிற போக்கில் ஒன்று: நம் கதைப்புத்தகங்களில் நரி பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில், வால் நுனி வெள்ளையாக வருகிறது. அது குளிர்நாட்டுச் செந்நரி. நம் வயல்காட்டில் ஊளையிடும் நரி வேறு, மங்கிய பழுப்பு. நாம் பார்த்த பிராணியையே நாம் பார்க்காத நிறத்தில் வரையப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

எழுத்தைப் படிப்பது

அடுத்த பாடவேளையில் படத்தை மூடிவிட்டு எழுத்தை மட்டும் வாசியுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் என்ன வினைச்சொல் வருகிறது என்று இரண்டு நிறப் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். சிறுமி கேட்டாள், சிரித்தாள், நடந்தாள். ஓநாய் உறுமியது, பாய்ந்தது, பதுங்கியது. "ஓநாய் கேட்டது" என்று மாற்றி வாசித்துப் பார்த்தால் அந்த வரியின் பயம் பாதி குறைந்துவிடும்.

தமிழில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சில கதைகளில் ஓநாய் "வந்தது", சிலவற்றில் "வந்தான்". அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு மாறியவுடன் அது பசித்த பிராணியாக இல்லாமல் திட்டம் போட்ட போக்கிரி ஆகிவிடுகிறது. மிருகத்தின் பசியை யாரும் குற்றம் சொல்வதில்லை, போக்கிரியின் திட்டத்தைச் சொல்வார்கள். ஒரே பத்தியை இரண்டு விதமாகவும் எழுதி, எதில் ஓநாய் மேல் அதிகக் கோபம் வருகிறது என்று கையைத் தூக்கச் சொல்லலாம்.

எல்லையோரப் பள்ளியில் இந்தப் பயிற்சி ஓரிடத்தில் இடறும். தெலுங்கில் அவள் வந்தாள் என்பதற்கும் அது வந்தது என்பதற்கும் ஒரே வினைமுடிவுதான்: "வச்சிந்தி". தெலுங்கு வீட்டுப் பிள்ளை சிறுமியையும் "வந்துச்சு" என்று சொன்னால் அதைப் பிழையாகத் திருத்திவிட்டு நகராதீர்கள். "உங்க வீட்டுல ரெண்டுக்கும் ஒண்ணுதானா? அப்போ தெலுங்குக் கதையில ஓநாய் கெட்டதுன்னு எப்படிக் காட்டுவாங்க?" என்று கேளுங்கள். வகுப்பிலேயே அந்த விடையைச் சொல்லக்கூடியது அந்தப் பிள்ளை மட்டும்தான்.

பழமொழி ஒன்றை வைத்து முழுப் பாடவேளையும் ஓட்டலாம். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்." மாணவர்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள். உரையாடல் இப்படிப் போகும்:

"ஓநாய் அழுததை யார் பார்த்தாங்க?"

"ஆடு பார்த்திருக்கும் டீச்சர்."

"அப்போ இந்தப் பழமொழியைச் சொல்றது ஆடா?"

"இல்ல டீச்சர், ஆட்டுக்காரர்."

"ஓநாய்க்கு உண்மையாவே வருத்தமா இருந்தா அதை எப்படிச் சொல்லும்?"

கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. பிறகு ஒரு பிள்ளை "அது என்ன சொன்னாலும் நடிப்புன்னுதான் சொல்வாங்க" என்ற இடத்துக்கு வந்து சேரும். அந்த இடம்வரை ஆசிரியர் கேள்வியை மட்டும் போட்டால் போதும், விளக்கம் வேண்டாம். அதே நேரத்தில் பழமொழி சொல்லும் அறிவையும் தூக்கியெறிய வேண்டியதில்லை: பொய்யாகக் கரிசனம் காட்டுபவர் உலகத்தில் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்று நான்காம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிவது பெரிய விஷயம்.

பல வடிவங்களை ஒப்பிடுவது

ஒரு கதைக்கு ஒரே வடிவம்தான் என்று நினைக்கும்வரை அது இயற்கையாகத் தோன்றும். இரண்டாவது வடிவத்தைப் பக்கத்தில் வைத்தவுடன், யாரோ தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

அம்மா சொல்லிப் பாட்டி வீட்டுக்குப் போகும் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை 1697-ல் பிரெஞ்சில் அச்சிட்ட ஷார்ல் பெரோ, ஓநாய் சிறுமியை விழுங்குவதோடு நிறுத்திவிட்டு, இளம்பெண்கள் முன்பின் தெரியாதவர் பேச்சைக் கேட்கக்கூடாது என்று அறிவுரை எழுதினார். காப்பாற்ற யாரும் வரவில்லை. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்டபோது வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுக்கிறார், வயிற்றில் கல்லை நிரப்புகிறார்கள். வைக்கோல், குச்சி, செங்கல் என்று ஆளுக்கொரு வீடு கட்டும் மூன்று பன்றிக்குட்டிகள் கதையும் அப்படித்தான். ஜோசப் ஜேக்கப்ஸ் 1890-ல் தொகுத்த ஆங்கில வடிவத்தில் ஓநாய் முதல் இரண்டு குட்டிகளையும் தின்றுவிடுகிறது. மூன்றாவது குட்டி ஓநாயைக் கொதிக்கும் நீரில் விழவைத்துச் சமைத்துச் சாப்பிடுகிறது. 1933-ல் டிஸ்னி எடுத்த கார்ட்டூனில் யாருமே சாகவில்லை. முதல் இரண்டு பேரும் மூன்றாவது வீட்டுக்கு ஓடிவந்து தப்பிக்கிறார்கள்.

கரும்பலகையில் நான்கு கட்டம் போடுங்கள்: யார் செத்தார்கள், யார் காப்பாற்றினார்கள், ஓநாய்க்கு என்ன ஆனது, கடைசியில் அறிவுரை யாருக்கு. இரண்டு வடிவங்களை நிரப்பியதும் "புலி வருது", "நான்னா புலி", "தோள பந்து தோள" மூன்றையும் அதே கட்டத்தில் நிரப்பச் சொல்லுங்கள். அயல்நாட்டுக் கதையில் தொடங்கி வீட்டுக் கதையில் முடிப்பது நல்லது. வீட்டுக் கதையில் தொடங்கினால் "எங்க பாட்டி சொன்னதுதான் சரி" என்று சண்டை வந்து, கட்டம் நிரம்பாது.

சிறுமி கேள்வியே கேட்கவில்லையா, பாட்டி வீட்டுக்கு அம்மா ஏன் போகவில்லை, பன்றிக்குட்டிகளுக்குச் செங்கல் எங்கிருந்து வந்தது, வைக்கோல் வீடு கட்டியவன் சோம்பேறி என்று எதை வைத்துச் சொல்கிறோம்? கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நில்லுங்கள். ஓலைக் கூரையில் குடியிருக்கும் பிள்ளை வகுப்பில் இருக்கும். அந்தக் கதையைக் கேள்வி கேட்காமல் கடந்து போனால், ஓலை வீடு சோம்பேறியின் வீடு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

உண்மையான ஓநாய்

ஒரு பாடவேளை விவரங்களுக்கு. இல்லாவிட்டால் எல்லாம் கருத்தாகவே நின்றுவிடும். இந்திய ஓநாய் சுமார் 20 கிலோ. பெரிய நாட்டுநாய் அளவு. சின்னக் கூட்டமாகத்தான் திரியும். கர்ப்பகாலம் இரண்டு மாதம், ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள். நிலாவைப் பார்த்து ஊளையிடுவதில்லை. கூட்டத்தாரைக் கூப்பிடவும், இது எங்கள் இடம் என்று அறிவிக்கவும் ஊளையிடுகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கிறது. இந்தியாவில் இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரம் இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆட்டைத் தூக்குவது உண்மை. 2024-ல் உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்கள் தாக்கிக் குழந்தைகள் இறந்ததும் உண்மை. இதை மறைத்துவிட்டுப் பாடம் நடத்தினால், வீட்டு டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்த பிள்ளை உங்களை நம்பாது.

வீட்டுப்பாடமாக ஆடு மேய்த்த பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லலாம்: ஓநாயைப் பார்த்திருக்கீங்களா தாத்தா? பட்டியை எப்படிக் காத்தீங்க? இப்போ ஏன் காணோம்? முள்வேலி, காவல் நாய், ராத்திரி நெருப்பு என்று பதில் வரும். சிலர் செந்நாயையோ கழுதைப்புலியையோ ஓநாய் என்று சொல்லக்கூடும். அடையாளம் உறுதியில்லை என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளப் பழக்குங்கள், பெரியவரைத் திருத்தப் போக வேண்டாம்.

செய்திப் படங்களுக்கும் அதே ஜன்னல் அட்டைதான். செல்போனில் சுற்றும் "ஓநாய் தாக்குதல்" வீடியோவை வகுப்பில் ஓட்டாதீர்கள், ரத்தம் இருந்தால் சின்னப் பிள்ளைகள் தூங்காது. தலைப்பையும் முன்பக்கப் படத்தையும் மட்டும் தாளில் எடுத்துவந்து, இந்தப் படம் எங்கே எடுத்தது, இதே நிகழ்ச்சியின் படம்தானா, பல் தெரியும் இந்த ஒரு நொடியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் போதும். கொட்டாவி விடும் நாயைச் சரியான நொடியில் படம் எடுத்தால் அதுவும் கொலைகாரனாகத் தெரியும். இதையும் செல்போனில் செய்து காட்டலாம், தெருநாய்க்குப் பஞ்சமில்லை.

பிள்ளைகளே செய்வது

வாசிப்பில் நின்றுவிட்டால் பாதிதான். தாங்களே ஒரு தேர்வைச் செய்து பார்க்கும்போதுதான் மற்றவர்களின் தேர்வு கண்ணில் படும்.

நான்கு பேர் கொண்ட குழு. எல்லாக் குழுவுக்கும் ஒரே நிகழ்ச்சி: ராத்திரி, மழை, பட்டிக்கு அருகில் ஓநாய், காலையில் ஓர் ஆடு இல்லை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பார்வை சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள்: ஆட்டுக்காரர், காவல் நாய், குட்டி போட்ட ஓநாய், தப்பித்த ஆடு. ஆறு கட்டப் படக்கதையாகவோ ஒரு நிமிட ஒலிக்கதையாகவோ செய்யலாம். படக்கதைக்கு ஒரு சார்ட்டை ஆறாக மடித்தால் கோடு போடும் நேரம் மிச்சம். ஒலிக்கதைக்கு மின்விசிறியை நிறுத்துங்கள், செல்போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், காய்ந்த பனையோலையை உரசினால் மழைச் சத்தம் வரும். பேச்சு எந்த மொழியிலும் இருக்கலாம். ஆட்டுக்காரர் தெலுங்கிலும் ஓநாய் தமிழிலும் பேசினால் இன்னொரு கேள்வி கிடைக்கிறது: ஓநாய்க்கு ஏன் அந்த மொழியைக் கொடுத்தீர்கள்?

படைப்போடு ஒரு சீட்டும் தர வேண்டும். அதில் மூன்று வரி: நாங்கள் இப்படிச் செய்தோம், ஏனென்றால். "ஓநாயை ஓரத்துல சின்னதா வரைஞ்சோம், ஏன்னா அது பயந்திருக்கு." இந்தச் சீட்டு இல்லாவிட்டால் அழகாக வரைந்த குழு ஜெயித்துவிடும், யோசித்த குழு தோற்றுவிடும்.

அடிக்கடி கெடுவது எங்கே

ஆசிரியர் என்ன பதிலை விரும்புகிறார் என்பதைப் பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் மோப்பம் பிடித்துவிடுவார்கள். "ஓநாய் நல்லதா கெட்டதா?" என்ற கேள்வியைக் கேட்ட உடனே பாடம் பட்டிமன்றமாகிவிடும். அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. "எந்த வரியில, எந்தப் படத்துல அப்படித் தெரியுது?" என்பதே எப்போதும் அடுத்த கேள்வி.

அதைவிட மோசமான கேள்வி ஒன்று உண்டு: "நம்ம ஊர்ல ஓநாய் மாதிரி யார்?" கேட்பதற்கு நன்றாக இருக்கும். பதிலாக ஒரு சாதிப் பெயரோ, ஒசூர்ப் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலத்தவரோ, பின்பெஞ்சுப் பையனோ வந்து விழுவார்கள். பிறகு அதை அள்ள முடியாது. உருவகம் மனிதர்கள் மேல் எப்படி ஒட்டப்படுகிறது என்று பேச வேண்டுமானால், கதைக்குள்ளேயே நின்று, பெரோவின் அறிவுரை யாரைச் சந்தேகப்படச் சொல்கிறது என்று பேசுங்கள்.

சிவப்புத் தொப்பிக் கதையைப் பாதுகாப்புப் பாடமாகவும் ஆக்கிவிடும் ஆசை சிலருக்கு வரும். இரண்டையும் கலக்க வேண்டாம். ஆபத்து அந்நியரிடமிருந்துதான் வரும் என்று அந்தக் கதை சொல்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்களிடமிருந்தும் வரலாம். பேச்சின் நடுவில் ஒரு பிள்ளை வீட்டு விஷயம் எதையாவது சொல்லத் தொடங்கினால், வகுப்பின் முன் தோண்டாமல் தனியாகக் கேளுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எல்லா மாநிலத்துக்கும் பொது.

மதிப்பெண் போட வேண்டுமானால் பத்தில் நான்கு, படத்திலோ வரியிலோ ஆதாரம் காட்டியதற்கு. மூன்று, தங்கள் தேர்வுக்குக் காரணம் சொன்னதற்கு. மூன்று, இன்னொரு குழுவின் பார்வையைச் சரியாகத் திருப்பிச் சொன்னதற்கு. கையெழுத்துக்கும் ஓவிய அழகுக்கும் இதில் மதிப்பெண் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடப் பாடவேளை ஐந்து பிடிக்கும்: படம், எழுத்து, வடிவங்கள், உண்மை விவரம், படைப்பு. பழமொழிக்குத் தனியாக ஒன்று ஒதுக்கினால் ஆறு. இரண்டுதான் கிடைக்கும் என்றால் எழுத்தையும் வடிவங்களையும் விடுங்கள். ஜன்னல் அட்டையை ஒரு நாளும், நான்கு பார்வைப் படக்கதையை ஒரு நாளும் வையுங்கள். தாத்தாவிடம் கேட்கும் மூன்று கேள்வியை இரண்டுக்கும் நடுவில் ஒரு வார இறுதி வரும்படி கொடுங்கள். சனிக்கிழமை சந்தைக்குப் போகும் பிள்ளை ஆட்டு வியாபாரியிடமும் கேட்டு வரும்.